கடல்ராசா மேல் பழி போட்ட ஊர்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

போன ஞாயிறு இணைப்பிதழில் ஆப்பிரிக்கக் கிராமத்து நாவல்களைப் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். இந்த மாதிரி விஷயத்துக்கு முக்கால் பக்கம் ஒதுக்க உங்களுக்கு மனசு வந்ததே, அதற்கு முதலில் நன்றி. ஆனால் கடைசிப் பத்தியில், காதலுக்கும் மூடநம்பிக்கைக்கும் நடக்கிற சண்டையில் மூடநம்பிக்கை ஜெயிப்பதுதான் இந்தக் கதைகளின் சாரம் என்று ஒரே போடாகப் போட்டுவிட்டுப் போயிருக்கிறார் எழுதியவர். அங்கேதான் எனக்குச் சுருக்கென்றது. அவர் சொல்கிற புத்தகங்களில் ஒன்றை நான் மூன்று தரம் படித்திருக்கிறேன், அதனால்தான் இந்தக் கடிதம், கொஞ்சம் நீளமாகிவிட்டால் வெட்டிக்கொள்ளுங்கள், கோபப்பட மாட்டேன்.

நான் தங்கச்சிமடத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். ஆன்லைன் விண்ணப்பமும் போட்டுக் கொடுப்பேன். கடையில் உட்கார்ந்தபடியே தபால் வழியில் எம்.ஏ. ஆங்கிலம் முடித்தவன். அப்போது பாடத்தில் வந்ததுதான் எலச்சி அமாடி எழுதிய 'தி கான்குபைன்', 1966-ல் வந்த நாவல். பரீட்சைக்காக ஒருமுறை, பிடித்துப்போய் ஒருமுறை, அப்புறம் இந்த வருஷ மீன்பிடித் தடைக்காலம் 61 நாளும் கடையில் ஈ ஓட்டிக்கொண்டிருந்தபோது ஒருமுறை. அமாடி நைஜீரியாவில் போர்ட் ஹார்கோர்ட் பக்கத்துக்காரர், இபாதானில் இயற்பியலும் கணக்கும் படித்தவர், பட்டாளத்தில் கேப்டனாக இருந்தவர். மூடநம்பிக்கை என்றால் என்ன என்று அவருக்கு நாம் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை என்பதற்காகத்தான் இதைச் சொல்கிறேன்.

கதை தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாக. ஓமோகாச்சி என்று ஒரு ஊர். இஹுவோமா என்று ஒரு பெண், இருபத்திரண்டு வயசு, மூன்று பிள்ளைகள், புற்றுமண் நிறம், அந்த நிறத்துக்கு அந்த ஊரில் அவ்வளவு மவுசு. புருஷன் எமனிகே அதே ஊர் மதுமேயோடு நிலத்தகராறில் கட்டிப்புரண்டு அடிபடுகிறான், தேறுகிறான், கொஞ்ச நாளில் நெஞ்சடைப்பு மாதிரி ஒரு நோயில் செத்துப்போகிறான். இஹுவோமா மேல் கண் வைத்த மதுமே அவள் தோட்டத்து வாழைத்தாரில் கை வைக்கப்போய், அங்கே கிடந்த நாகம் கண்ணில் விஷத்தைத் துப்பி, குருடாகி, கடைசியில் தூக்குப் போட்டுக்கொள்கிறான். மூன்றாவது ஆள் எக்வுவேமே. பாட்டுக்கட்டிப் பாடுகிறவன், நல்லவன், அவளை உயிராக நேசிக்கிறவன். ஆனால் அவனுக்கு அஹுரோலே என்று ஒரு பெண்ணை, அவள் பிறந்த எட்டாம் நாளே பேசிவைத்துவிட்டார்கள். நம் பக்கத்தில் தொட்டிலில் கிடக்கிற பிள்ளையைக் காட்டி 'இவ உனக்குத்தாண்டா' என்கிறோமே, அதே கதைதான். கட்டிவைக்கிறார்கள், ஒட்டவில்லை. புருஷன் மனசைத் திருப்ப அஹுரோலே சோற்றில் மருந்து கலக்கிறாள். இதை விளக்கவே வேண்டாம், இங்கே இடுமருந்து என்றால் சின்னப்பிள்ளைக்கும் தெரியும். அந்த மருந்து அவனைப் பைத்தியமாக்கிக் காட்டுக்குள் ஓடவிடுகிறது. மரத்தின் மேல் ஏறி உட்கார்ந்தவன், யார் கூப்பிட்டும் இறங்காதவன், இஹுவோமா வந்து நின்று பேசிய பிறகுதான் இறங்குகிறான்.

சரி, இனி தடையில்லை என்று இரண்டு வீட்டிலும் ஒப்புக்கொண்ட நேரத்தில்தான் ஊர் வைத்தியரும் குறி சொல்கிறவருமான அன்யிகா குறி பார்த்துச் சொல்கிறார்: இவள் போன பிறவியில் கடல்ராசாவின் பெண்டாட்டி. மனுஷர்களோடு வாழ ஆசைப்பட்டு, அவன் தடுத்தும் கேட்காமல் இங்கே வந்து பிறந்துவிட்டாள். இருக்கிற பெண்டாட்டிகளில் அவனுக்கு இவள்தான் உசத்தி என்பதால் அவளை அழிக்க மனம் வரவில்லை, சரி, வாழ்ந்துவிட்டு வரட்டும் என்று விட்டுவிட்டான். ஆனால் அவளைத் தொடுகிறவனை மட்டும் விடமாட்டான்.

கட்டுரையாளர் இதை நிதானமாக ஒரு தரம் படித்திருந்தால் போதும். இங்கே காதலுக்கு எதிரே நிற்பது மூடநம்பிக்கையா? அந்தப் பக்கமும் நிற்பது ஒரு காதல்தான். தன் பேச்சைக் கேட்காமல் வீட்டைவிட்டுப் போனவளைக் கொல்ல மனம் வராமல், திரும்பி வருவாள் என்று காத்துக்கொண்டு, பொறாமையில் வெந்துகொண்டிருக்கிற ஒரு புருஷன். தண்ணீருக்கு அடியில் இருக்கிறான் என்பதைத் தவிர அவனுக்கும் எங்கள் தெருவில் பெண்டாட்டி தாய்வீடு போய்விட்ட ஆளுக்கும் எனக்குப் பெரிய வித்தியாசம் தெரியவில்லை.

இன்னொன்றும் உண்டு. அமாடி ஒவ்வொரு சாவுக்கும் ஒரு சாதாரணக் காரணத்தையும் கூடவே வைத்துவிடுகிறார். முதலாமவனுக்கு நோய், இரண்டாமவனுக்குப் பாம்பு. மூன்றாமவன் சாவு வரும் விதம்தான் எனக்கு ஒவ்வொரு தரமும் வயிற்றைப் பிசைகிறது. கடல்ராசாவைக் கட்டிப்போட நடு ஆற்றில் நடுராத்திரியில் ஒரு பூசை செய்யவேண்டும், அதற்கு மற்ற சாமான்களோடு ஒரு ஓணானும் வேண்டும். இஹுவோமாவின் மூத்த பையன் நுவோன்னா வில்லும் அம்புமாக ஓணான் வேட்டைக்குக் கிளம்புகிறான். அவன் விட்ட அம்பு, அந்த நேரம் பார்த்து வெளியே வந்த எக்வுவேமே வயிற்றில் பாய்கிறது. நாளைக்கு அப்பா ஆகப்போகிறவனை அந்தப் பிள்ளையே அடித்துவிட்டான். கடல்ராசா செய்தான் என்று நம்பினாலும் கதை நிற்கும், விபத்து என்று எடுத்தாலும் நிற்கும். நம் கட்டுரையாளர் ஒரு வாசலைச் சாத்திவிட்டு, இது இருட்டு வீடு என்கிறார்.

(ஓணான் என்றதும் எனக்குச் சிரிப்பும் வந்தது. இந்தப் பக்கத்துப் பையன்கள் ஓணானைக் கண்டால் விடுவதில்லை. தாகமென்று கேட்ட ராமருக்கு அணில் இளநீர் கொடுத்ததாம், ஓணான் மூத்திரத்தைக் கொடுத்ததாம், அதனால் அடிக்கலாமாம். நானும் அடித்திருக்கிறேன். ஞானஸ்நானம் வாங்கிய கிறிஸ்தவப் பையன் ராமருக்காக ஓணான் அடித்தேன் என்பதை இப்போது நினைத்தால் வேடிக்கையாக இருக்கிறது.)

நமக்கும் இது புதுசில்லை என்பதைக் கட்டுரையாளர் ஒரு வரியாவது சொல்லியிருக்கலாம். சாயல்குடிப் பக்கம் மாரியூர் கோயிலில் சித்திரைத் திருவிழாவில் கடலில் வலைவீசும் படலம் நடக்கும். சாபத்தால் பார்வதி பரதவர் தலைவன் மகளாகப் பிறக்க, நந்தி சுறாவாகிக் கடலைக் கலக்க, சிவன் வலைஞனாக வந்து சுறாவைப் பிடித்துப் பெண்ணைக் கட்டிக்கொண்டு போகிறார். ஒரு விதத்தில் இதுவும் கடவுளின் பெண்டாட்டி மனுஷியாகப் பிறந்த கதைதான். ஆனால் நம் சாமி கரைக்கே வந்து, வலை வீசி, மாமனார் முன்னால் திறமையைக் காட்டிப் பெண் கேட்கிறார். அமாடியின் சாமி அடியிலேயே இருந்துகொண்டு ஆளைத் தூக்குகிறார். இன்னும் பின்னால் போனால் வெறியாட்டு இருக்கிறது. காதல் நோயில் மெலிந்த பெண்ணை முருகு பிடித்துவிட்டது என்று அம்மாக்காரி முருகன் பூசாரியான வேலனைக் கூப்பிட்டுக் கழங்கு போட்டுப் பார்ப்பாள். நற்றிணையில் ஒரு தோழி முருகனையே பார்த்து, 'கடவுள் ஆயினும் ஆக, மடவை மன்ற' என்கிறாள். நீ சாமியாகவே இருந்துவிட்டுப் போ, ஆனாலும் நீ ஒரு மடையன் என்று அர்த்தம். எனக்கு ரொம்பப் பிடித்த பாட்டு அது. ஏனென்றால் நோய்க்குக் காரணம் மலைநாட்டுக்காரன் ஒருவன் என்பது தோழிக்குத் தெரியும், நமக்கும் தெரியும், வேலனுக்கும் அம்மாக்காரிக்கும்தான் தெரியாது. அமாடியின் கதையில் அப்படிப்பட்ட தோழி யாரும் இல்லை. குறி சொல்கிறவர் சொன்னது அப்படியே பலிக்கிறது. சங்கப் பாட்டைப் படித்துப் பழகிய நமக்கு அது இடறுவது நியாயம்தான், ஆனால் இடறியதாலேயே மட்டம் என்று ஆகிவிடாது.

இன்னொரு நைஜீரிய எழுத்தாளர் சினுவா அச்செபேயையும் கட்டுரையாளர் அதே மூட்டையில் கட்டிவிட்டார். 1958-ல் வந்த அச்செபேயின் முதல் நாவல் 'திங்ஸ் ஃபால் அபார்ட்'டில், வீழ்ச்சியையும் சாவையும் தவிர வேறெதையும் கட்டுரையாளர் பார்த்ததாகத் தெரியவில்லை. அதில் எக்வெஃபி என்று ஒருத்தி, மல்யுத்தத்தில் ஜெயித்த கதாநாயகன் ஒக்கொன்க்வோ மேல் ஆசை வைத்து, அவன் அப்போது ஏழை என்பதால் வேறொருவனைக் கட்டி, இரண்டு வருஷம் பொறுத்து, ஒரு ராத்திரி அந்தப் புருஷன் வீட்டைவிட்டு நேராக இவன் கதவைத் தட்டுகிறாள். ஊர் அவளைக் கல்லால் அடிக்கவில்லை. இன்னொரு இடம் அதைவிட அழகு. இந்துலுவே என்கிற கிழவர் இறந்துபோகிறார். மூத்த மனைவி ஒசோயெமெனா தடியை ஊன்றி வந்து, வாசலில் மண்டியிட்டு, அவர் பெயரை மூன்று தரம் கூப்பிடுகிறாள், திரும்பித் தன் குடிசைக்குப் போகிறாள். உடலைக் கழுவும் நேரத்துக்குக் கூப்பிடப் போனால் அவளும் பாயில் செத்துக்கிடக்கிறாள். பாண்டியன் நெடுஞ்செழியன் அரியணையில் விழுந்ததும் கோப்பெருந்தேவி உயிர் போனதே, அதைப் படித்துவிட்டுக் கண் கலங்குகிற நாம் இதைப் பார்க்காமல் எப்படித் தாண்டுகிறோம்? ஊர் வழக்கப்படி, மனைவியைப் புதைக்கிற வரைக்கும் கிழவருக்குச் சாவு மேளம் அடிக்கக் கூடாது. அதாவது சம்பிரதாயம் அங்கே காதலுக்கு வழிவிட்டு ஒதுங்கி நிற்கிறது. எதற்கெடுத்தாலும் வீரம் பேசும் ஒக்கொன்க்வோவுக்கு மட்டும் இது புரியவில்லை. அந்தக் கிழவர் வயசுக் காலத்தில் பலசாலி என்றல்லவா நினைத்திருந்தேன் என்கிறான், மடையன்.

நம்பிக்கை நிஜமாகவே காதலைக் கொல்கிற இடம் ஒன்று உண்டு, அதைக் கட்டுரையாளர் தொடவே இல்லை. 1960-ல் வந்த அச்செபேயின் 'நோ லாங்கர் அட் ஈஸ்' நாவலில், இங்கிலாந்தில் படித்துவிட்டு வந்த ஓபி, கிளாரா என்கிற நர்ஸைக் காதலிக்கிறான். அவள் ஓசு. எப்போதோ முன்னோர் ஒருவரை ஒரு தெய்வத்துக்கு நேர்ந்துவிட்டதால் பரம்பரை பரம்பரையாக ஒதுக்கி வைக்கப்பட்டவர்கள் ஓசுக்கள். மற்றவர்கள் அவர்களோடு கல்யாண உறவு வைக்கக் கூடாது. ஓபியின் அப்பா வேதம் போதிக்கிற உபதேசியார், ஊர்த் தெய்வங்களையெல்லாம் உதறிவிட்டு வந்தவர். அவரே, எல்லோரும் கிறிஸ்தவர்கள்தான், ஆனால் இது வேறு என்கிறார். நான் உயிரோடு இருக்கிறவரை அவளைக் கட்டினால் செத்துப்போவேன் என்கிறாள் அம்மா. ஓசு முறையை ஒழிக்கக் கிழக்கு நைஜீரியாவில் 1956-லேயே சட்டம் வந்துவிட்டது, நாவல் அதற்கு நாலு வருஷம் கழித்துத்தான் வருகிறது. சட்டம் இருந்தும் என்ன நடக்கும் என்று தமிழ்நாட்டு வாசகனுக்கு அடிக்குறிப்பு எழுதவேண்டியதில்லை. சாமியை மாற்றிக்கொண்டவர்கள் கல்லறையில் கூடத் தனிச்சுவர் கட்டிக்கொண்ட நாடு இது. ஆப்பிரிக்காவைப் பார்த்து உச்சுக்கொட்டுவதற்கு முன்னால் நம் வாசலைக் கொஞ்சம் பெருக்கலாம்.

இனி எங்கள் வீட்டு விஷயம். எழுதலாமா வேண்டாமா என்று இரண்டு நாள் யோசித்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.

என் சின்னம்மாவின் புருஷன், கல்யாணமாகி ஐந்தாம் வருஷம், கச்சான் காற்றில் வத்தை (சின்னப் படகு) கவிழ்ந்து போய்ச் சேர்ந்தார். உடம்பு மூன்றாம் நாள் ஒதுங்கியது. நாலு வருஷம் கழித்துச் சங்கு குளிக்கிறவர் ஒருவர் சின்னம்மாவைக் கட்டிக்கொள்கிறேன் என்று வந்தார். சின்னம்மாவுக்கும் இஷ்டம். ஈஸ்டர் முடிந்து கோயிலில் கல்யாண ஓலை வாசிக்கலாம் என்று பேசியாகிவிட்டது. அந்த இடையில் ஒருநாள் அவர் போன படகு இன்ஜின் நின்று, இரண்டு ராத்திரி மிதந்து, மூன்றாம் நாள் வேறொரு படகு கட்டி இழுத்துக்கொண்டு வந்தது. யாருக்கும் ஒரு கீறல் இல்லை. ஆனால் அவருடைய அம்மா பங்குச் சாமியாருக்குத் தெரியாமல் பாலம் தாண்டிப் போய் ஒரு கோடாங்கியிடம் கேட்டுவிட்டு வந்து சொன்னது: "கடல் ஒருதரம் எடுத்துக்கிச்சு. இன்னொரு தரம் காட்டி விட்டிருச்சு. மூணாந்தரம் காட்டாது." அதோடு முடிந்தது. அவர் வேறு கல்யாணம் பண்ணிக்கொண்டார், பேரன் பேத்தி எடுத்துவிட்டார், என் கடையில்தான் ஆதார் திருத்தத்துக்கு வந்து நிற்பார். சின்னம்மா கருவாடு போட்டுப் பிழைக்கிறது. விடியக்காலம் படகு இறக்குகிற நேரத்தில் வாசல் பக்கம் வராது. வரக்கூடாது என்று ஒருத்தரும் சொன்னதில்லை. யாரும் சொல்லவேண்டிய தேவையும் இருக்கவில்லை.

கடையிலும் தினமும் இதைத்தான் பார்க்கிறேன். வைகாசி பிறந்தால் ஜாதகம் டைப் அடிக்க வரிசை நிற்கும். போன மாதம் ஒரு அம்மா மகள் ஜாதகத்தைக் கொண்டுவந்தார். பூராடம் நட்சத்திரம். பூராடம் நூலாடாது, கழுத்தில் தாலி நிற்காது என்பார்களே. என் காதருகே குனிந்து, "தம்பி, அதுவும் தனுசு ராசிதானே, கொஞ்சம் தள்ளி உத்திராடம் ஒண்ணாம் பாதம்னு போட்டுருங்க, நாலு இடம் தட்டிப்போச்சு" என்றார். அடித்துக் கொடுத்தேனா இல்லையா என்பதை ஒரு பத்திரிகைக்கு எழுதும் கடிதத்தில் சொல்ல எனக்கு விருப்பமில்லை.

என் சங்கடம் இதுதான். இஹுவோமாவைச் சேர்ந்த மூன்று பேர் சாகிறார்கள். எங்கள் கணக்குப்படி அவள் புருஷனை விழுங்கியவள், ராசி கெட்டவள், எதிரே வரக்கூடாதவள். ஓமோகாச்சியில் அப்படி ஒரு கூட்டம் கிளம்பவில்லை. குறி சொல்கிறவரே, இவள் மேல் தப்பில்லை, அவன் பொறாமைக்காரன் என்கிறார். பழி முழுக்கத் தண்ணீருக்கு அடியில் இருக்கிறவன் தலையில். சாவும் ஒன்றுதான், குறி கேட்பதும் ஒன்றுதான், விரல் நீளுகிற திசைதான் வேறு. இரண்டையும் மூடநம்பிக்கை என்று ஒரே ஆணியில் மாட்டிவிட்டால் அந்த வித்தியாசம் எங்கே போகும்? அதற்காக அமாடியின் ஊரை நான் சொர்க்கம் என்று சொல்லவரவில்லை. வைப்பாட்டியாக வேண்டுமானால் இருக்கலாம், உரிய பூசை செய்து கடல்ராசாவைச் சம்மதிக்க வைக்கலாம், மனைவியாக மட்டும் முடியாது என்கிறார் அந்தக் குறி சொல்கிறவர். கான்குபைன் என்றால் வைப்பாட்டி, தலைப்பே அதுதான். ஒரு நல்ல பெண்ணுக்கு அந்த ஊர் கொடுக்க முடிந்த இடம் அவ்வளவுதான் என்பது எனக்குக் கசக்கத்தான் செய்கிறது.

அதே 1966-ல் ஃப்ளோரா இன்வாபா என்கிற நைஜீரியப் பெண் எழுத்தாளரின் 'எஃபுரு' நாவலும் வந்தது. அதிலும் ஒரு தண்ணீர்த் தெய்வம் வருகிறது, இது பெண் தெய்வம், ஏரிக்காரி. அழகும் செல்வமும் தருவாள், பிள்ளை தரமாட்டாள். இரண்டு கல்யாணமும் கைவிட்ட எஃபுரு கடைசியில் அவளைக் கும்பிட்டுக்கொண்டு நிமிர்ந்துதான் நிற்கிறாள். பெண் எழுதியதால் இந்த வித்தியாசமா என்று நான் யோசித்ததுண்டு. கட்டுரையில் இன்வாபா பெயரே இல்லாதது பெரிய குறை. அடுத்த முறை எழுதும்போது சேர்த்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

அமாடியின் கதையைத் தடைக்காலத்தில் ஒருநாள் சின்னம்மாவிடம் சொன்னேன். வலை விரித்துக் காரல் காயப்போட்டிருந்தது, கையில் காக்கா விரட்ட ஒரு மட்டை. கடல்ராசா என்று நான் சொன்னபோது சிரிக்கவும் இல்லை, சிலுவை போட்டுக்கொள்ளவும் இல்லை. முழுக்கக் கேட்டுவிட்டு ஒன்று கேட்டது: "அவளப் பாத்து ஊர்ல யாரும் ஒதுங்கிப் போனாங்களா?"

இல்லை சின்னம்மா, என்றேன்.

"அப்ப நல்ல ஊருதான்."

கொஞ்ச நேரம் மீனைப் புரட்டிப் போட்டுக்கொண்டிருந்தது. நான் எழுந்து சைக்கிளை எடுக்கும்போது மறுபடியும் கூப்பிட்டது. "அம்பு விட்டுச்சே, அந்தப் பய. அவன யாரு கூப்பிட்டு வச்சு, உன் மேல தப்பில்லன்னு சொன்னா?"

வீட்டுக்கு வந்து புத்தகத்தைத் திரும்ப எடுத்துப் பார்த்தேன். எக்வுவேமே சாகிற அந்த நடுராத்திரியோடு நாவல் முடிந்துவிடுகிறது.

இப்படிக்கு,
ஒரு வாசகன்,
தங்கச்சிமடம்.